அப்பா சோறு என்று சொல்வதில்லை

காலை ஏழு மணிக்கு ஊசி. ஏழரைக்குள் சாப்பாடு. ஏழு ஐம்பதுக்கு எனக்குப் பஸ். இந்த ஐம்பது நிமிடத்துக்குள்தான் ஒன்றரை வருடமாக நான் வாழ்கிறேன். மீதி நாள் முழுக்க அந்த ஐம்பது நிமிடம் சரியாகப் போயிற்றா என்ற நடுக்கம்.

அப்பாவுக்கு எண்பத்தைந்து ஆகிறது. பட்டாளத்தில் இருந்து வந்தவர். முதுகு இன்னும் நிமிர்ந்தேதான் இருக்கிறது. பார்வையில் பாதியும் பாதத்தில் உணர்வும் சர்க்கரையிடம் போய்விட்டன. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கும். இறங்கினால் மயக்கம். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் மயங்கினால், அதற்கு மேல் டாக்டர் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். ஆகவே எனக்கு இந்த உலகத்தில் தெரிய வேண்டியது ஒன்றுதான். அப்பா சாப்பிட்டாரா?

கேட்டால் பதில் உடனே வரும்.

"ஆச்சு."

"என்னப்பா சாப்பிட்டீங்க?"

"அதான் ஆச்சுங்கிறேன்ல, பாப்பா."

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. பாப்பாவாகவே இருக்கிறேன். ஒரு கல்யாணம், ஏழு ஊர், எண்ணிக்கையில் வைக்க முடியாத வாடகை வீடுகள். எங்கும் காலூன்றத் தெரியாத எனக்கு, அம்மா போன பிறகு திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்குத் திரும்பி வந்து, ஒரு கிழவரின் வயிற்றைக் காவல் காக்கும் வேலை வாய்த்தது. பிழைப்புக்கு மயிலாடுதுறையில் ஒரு காப்பீட்டு அலுவலகம். அங்கே நாள் முழுதும் மற்றவர்களைக் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்புகிறேன். புகை உண்டா, நோய் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா. எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். யாரென்றே தெரியாதவர்கள் தங்கள் ஈரலைப் பற்றிக்கூட என்னிடம் சொல்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பார்த்ததும் கேட்பது இரண்டு கேள்வி. தண்ணி வந்துடுச்சா. சாப்டாச்சா. முதல் கேள்விக்கு வாய்க்கால் பதில் சொல்லிவிடும். இரண்டாவதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும்: என்ன கொழம்பு? கேட்பவருக்கு உண்மையில் அந்தக் குழம்பு வேண்டியதில்லை. வேலிப் படலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கொஞ்ச நேரம் பேச ஒரு சாக்கு, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் மட்டும் அது விசாரணை.

நான் சிறுமியாக இருந்தபோது அப்பா வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். அந்த நாட்களில் அம்மா விரால் மீன் குழம்பு வைப்பார். வீட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, குளக்கரை வரை அந்த வாசனை போகும். ஆனால் சட்டம் ஒன்று இருந்தது. மீன் என்றால் வெளியில் சாம்பார். சாம்பார் என்றால் வெளியில் ரசம். ரசமே வைத்திருந்தால் பழையது. பழையதே சாப்பிட்டிருந்தால், இன்னும் அடுப்பு மூட்டலிங்க. உண்மைக்கு ஒரு படி கீழே இறங்கி நின்றுதான் வெளியுலகத்தோடு பேச வேண்டும். சோறு என்ற சொல்லை வாசலைத் தாண்டி எடுத்துப் போகவே கூடாது.

ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் தம்பியைப் பிடித்துக்கொண்டார். "என்னடா தம்பி, மீன் வாசனை தூக்குது?"

தம்பிக்கு ஏழு வயது. கண் இமைக்காமல் சொன்னான்: "பூனை எங்கேருந்தோ கொண்டாந்துச்சு மாமா."

அப்பா தம்பியின் தலையைத் தடவிக்கொடுத்தார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய எனக்கு அந்தத் தடவல் கிடைத்ததில்லை. தம்பி இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான், பெரிய கம்பெனியில் கணக்குத் தணிக்கை செய்கிறான். பொய்யைக் கண்டுபிடிப்பது அவன் வேலை. "நம்ம வீட்டுல வளந்ததுதாங்க்கா குவாலிஃபிகேஷன்" என்பான்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று அப்பா சொன்னதில்லை. அத்தை சொன்னார். அப்பாவைவிட ஆறு வயது மூத்தவர், இப்போது இல்லை. என் கல்யாணத்துக்கு வந்தபோது, பூக்கட்டிக்கொண்டே, ஏதோ தமாஷ் போல ஆரம்பித்தார்.

"ஒங்கப்பன் ஒரே ஒரு வார்த்தை சொன்னான். பத்து மா குத்தகை போச்சு."

ஜப்பான்காரன் சண்டை நடந்த காலம். பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோய், விளைகிற ஊர்களிலெல்லாம் சர்க்கார் நெல் எடுக்க வந்தது. கையிருப்பு எவ்வளவு என்று ஒவ்வொரு குடியானவரும் சொல்ல வேண்டும். தாத்தா பத்து மா நிலம் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். அளக்க வேண்டியதை அளந்துவிட்டு, இனி ஒரு மணியும் இல்லை, கிழங்கும் கீரையும்தான் தின்கிறோம் என்று கைகட்டிச் சொல்லிவிட்டார். கொல்லையில், வைக்கோல் போருக்கு அடியில், நாலு மூட்டை சாப்பாட்டு நெல்லும், அடுத்த குறுவைக்கு வைத்த விதைக் கோட்டைகள் மூன்றும் இருந்தன. வைக்கோலால் உருண்டையாகக் கட்டி, மேலே சாணம் பூசி, உள்ளே விதைநெல்லை மூச்சடக்கி வைத்திருக்கும் கோட்டைகள்.

வந்த அதிகாரி நல்ல மனிதர் என்றுதான் அத்தை சொன்னார். கத்தவில்லை, அதட்டவில்லை. கையில் நோட்டுப் புத்தகம். வாசலில் ஐந்து வயதுப் பையன் நின்றுகொண்டிருந்தான். குனிந்து கேட்டார்.

"தம்பி, சாப்டியா?"

"சாப்டேன்."

"என்ன சாப்ட?"

"சோறு."

"நேத்து?"

"நேத்தும் சோறு."

"தொட்டுக்க?"

"கருவாடு" என்று சொல்லிவிட்டுப் பையன் சிரித்தானாம். ஒரு பெரிய மனிதர் இவ்வளவு நேரம் அவனோடு பேசுவது அதுதான் முதல் தடவை.

அதிகாரி நோட்டுப் புத்தகத்தை மூடினார். நீளமான இரும்புக் கம்பியோடு இரண்டு பேர் கொல்லைக்குப் போனார்கள். வைக்கோல் போரில் இங்கே குத்தி, அங்கே குத்தி, நாலாவது குத்தில் கம்பி நின்றுவிட்டது. நெல்லும் ஜப்தி, விதையும் ஜப்தி. விதையையாவது வைத்துவிட்டுப் போங்க என்று தாத்தா வண்டிக்குப் பின்னாலேயே வாய்க்கால் மதகு வரை போனார். குறுவைக்குத் தண்ணீர் வந்தது, விதை இல்லை. நிலம் வேறு கைக்கு மாறியது.

"அடிச்சாங்களா அத்தை, அப்பாவை?"

"யாரு அடிச்சா? ஒரு வார்த்தை கேக்கல. அன்னிக்கு ராத்திரி கிழங்கு வெந்துச்சு. ஒங்கப்பனுக்குத்தான் மொதல்ல எடுத்து வச்சாங்க." பூவை முடிந்து கத்தரித்தார். "அடிச்சிருக்கலாம்."

அந்தப் பையன் பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்குப் போனான். ஏன் போனீங்க என்று தம்பி பள்ளிக்கூடக் கட்டுரைக்காகக் கேட்டபோது, நாட்டுப்பற்று என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். பிறகு தம்பி பென்சில் சீவப் போன நேரத்தில் என்னிடம் சொன்னார்: "மூணு வேளை போடுவான். என்ன தின்னேன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்."

போரைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்று. அதையும் ஒரு தீபாவளி அன்று, பழைய நண்பர் ஒருவர் வந்திருந்தபோது சொன்னார். வடகிழக்கில் ஏதோ மலை. அப்பா சமையல் சாமான் இருக்கும் கூடாரத்துக்குப் பொறுப்பு. பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்த நாளில், மேலே இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், அரிசி எத்தனை மூட்டை மிச்சம்? இருந்தது ஐந்து. இவர் மூன்று என்றார். மூன்றையும் எரித்துவிட்டுப் போகச் சொன்னார்கள், எதிரி கையில் கிடைக்கக் கூடாதாம். எரித்தார்கள். மீதி இரண்டைப் பதினோரு பேரும் ஆளுக்குக் கொஞ்சமாகக் கம்பளிக்குள் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். பனியில் வழி தவறி நாலு நாள்.

"கொறச்சு சொன்னேன்" என்றார் அப்பா. "நாலு நாளும் தின்னோம்."

அவ்வளவுதான் அவருடைய போர். நண்பர் தலையாட்டினார், நாங்கள் அதிரசத்தைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தோம். இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஐந்து வயதில் ஒரு உண்மை, குடும்பத்தின் நிலத்தைத் தின்றது. இருபத்து மூன்று வயதில் ஒரு பொய், பதினோரு பேரைப் பசியில்லாமல் மலையிறக்கியது. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு வேறு என்ன பாடம் வேண்டும்? யார் வந்து என்ன எடுத்துச் சொல்லி அதை மாற்ற முடியும்? நானா? கையில் ஒரு ஊசியும் பஸ் பாஸும் வைத்துக்கொண்டிருக்கும் நானா?

கும்பகோணத்தில் நாங்கள் பார்க்கும் டாக்டர் சின்னப் பெண். அக்கறையாகப் பேசுவாள். முதல் தடவை அழைத்துப் போனபோது, பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டாள்.

"தாத்தா, காலையில என்ன சாப்ட்டீங்க?"

அப்பா பேனாவைப் பார்த்தார். "கஞ்சி."

ஒரு கப் சோறும் முருங்கைக்கீரைப் பொரியலும் நான் என் கையால் வைத்திருந்தேன். காலையிலும் அவருக்குச் சோறுதான் வேண்டும். இட்லி எல்லாம் பலகாரம்.

"மத்தியானம்?"

"அதே கஞ்சிதான்."

டாக்டர் என் பக்கம் திரும்பினாள். "என்னம்மா நீங்க? இந்த வயசுல ரெண்டு வேளையும் கஞ்சியா குடுக்கறது? நல்லா ஆகாரம் குடுங்க."

நான் வாயைத் திறந்தேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். கெஞ்சலா, எச்சரிக்கையா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. "சரிங்க டாக்டர்" என்றேன். வெளியே வந்து காபி குடிக்கும்போது சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அப்பா டம்ளரை ஆற்றிக்கொண்டே, "கெட்டிக்காரி" என்றார். நாற்பது வருடம் கழித்துக் கிடைத்தது எனக்கு, தம்பிக்குக் கிடைத்த அந்தத் தலைத் தடவல்.

அடுத்த மாதம் சர்க்கரை ஒரு நாள் ஏறுவதும் ஒரு நாள் பாதாளத்துக்கு இறங்குவதுமாக இருந்தது. டாக்டருக்குப் புரியவில்லை. "ஒரு நோட்டு போடுங்கம்மா. என்ன சாப்பிட்டாரு, எத்தனை மணிக்கு, எவ்வளவு, எல்லாம் எழுதிட்டு வாங்க."

நீள நோட்டு ஒன்று வாங்கினேன். கட்டம் போட்டேன். முதல் நாள் அவர் எதிரில் அதைத் திறந்து வைத்து, பேனா மூடியைப் பல்லால் கடித்து இழுத்தபோது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து நின்றுவிட்டார். ஏன் நிற்கிறார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. கால் வலிக்கிறதோ என்று கேட்டேன். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மெஷினில் வைத்து, நம்பரை எழுதினேன். அத்தை சொன்ன இரும்புக் கம்பி அப்போதும் என் நினைவுக்கு வரவில்லை. அவருக்கு வந்திருக்கும்.

நோட்டு நிறைந்துகொண்டே போனது. எல்லாக் கட்டத்திலும் கஞ்சி.

தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். குப்பையில் ஒரு பருக்கை இருக்காது. நாய்க்குப் போட்டால் நாய் வாசலில் காத்துக்கிடக்கும். எங்கள் தெரு நாய்களுக்கு அப்பாவிடம் எந்த நம்பிக்கையும் இல்லை. அப்படியானால் சாப்பிட்டிருக்கிறார் என்றுதானே யாரும் நினைப்பார்கள். ஆனால் பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா எனக்குப் போன் செய்து, "மாமாவுக்கு வேத்து ஊத்துது, கை நடுங்குது, நீ யாருன்னு என்னைக் கேக்கறாரு" என்று சொன்னது இரண்டு முறை. இரண்டு முறையும் அந்த அக்காதான் வாயில் சர்க்கரையைப் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார். இரண்டு முறையும் நான் பஸ்ஸில் நின்றுகொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கும் கூட்டத்தைச் சபித்துக்கொண்டிருந்தேன்.

அதே அக்காதான் ஒரு நாள் சாதாரணமாகக் கேட்டார். "ஏன்டி, ஒங்கப்பா மாடியில வடாம் போடறாரே, எனக்கு ரெண்டு குடுக்கக் கூடாதா? ஒண்டியா தின்னு தீத்துடுவீங்களா?"

"என்ன வடாம்க்கா?"

"வேட்டி விரிச்சு, வெயில்ல, வெள்ள வெளேர்னு. குந்திக்கிட்டுக் காக்கா ஓட்டறாரு பாவம்."

சனிக்கிழமை. அலுவலகம் கிடையாது. ஆனாலும் போவது போலக் கிளம்பினேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. என் அப்பாவை வேவு பார்த்தேன்.

மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். தோளில் பழைய வேட்டி, கையில் தட்டு. நான் போட்ட சோற்றை அந்த வேட்டியில் ஒவ்வொரு பருக்கையாகப் பிரித்துப் பரப்பினார். சரியாகத் தெரியாத கண்ணோடு, விரல் நுனியால் தடவித் தடவி. கட்டியாக இருந்ததை உதிர்த்துவிட்டார். அந்தப் பொறுமை எனக்கு ஒரு படிவம் நிரப்பும்போதுகூட வாய்த்ததில்லை. பிறகு பக்கத்தில் குந்தி, காக்காய்க்குக் கையை ஓங்கினார். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

கீழே அழைத்து வந்து விரலில் குத்திப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். அவர் அறையில் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த கறுப்பு இரும்புப் பெட்டி இருக்கிறது. என் வாழ்நாளில் நான் அதைத் திறந்ததில்லை. பூட்டும் கிடையாது, யாரும் திறக்க மாட்டார்கள் என்ற தைரியம். அன்றைக்குத் திறந்தேன்.

பிஸ்கட் டின்கள். ஒன்பது. ஒவ்வொன்றின் வாயும் வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே காய்ந்த சோறு, கண்ணாடித் துகள் மாதிரி. சிலதில் வண்டு ஓடியது. ஒன்றரை வருடமாக நான் வடித்த சோற்றில் பாதி அங்கே இருந்தது.

"ஏம்ப்பா?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "ஊசி போட்டுக்கிட்டு இப்படிப் பண்ணா செத்துப் போயிடுவீங்கப்பா. என்னதாம்ப்பா நெனச்சுக்கிட்டு இருக்கீங்க?"

திரும்பிப் பார்த்தேன். அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். குதிகால் இரண்டும் சேர்ந்து, கை பக்கவாட்டில் ஒட்டி, பார்வை எனக்கு மேலே எங்கோ. இறங்கிய சர்க்கரை இன்னும் முழுசாக ஏறாத மயக்கமோ என்னவோ. பிறகு பார்வையை இறக்கி, டின்னைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்துச் சொன்னார்:

"எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க. வெதைய மட்டும் வச்சுட்டுப் போங்க, அய்யா."

என்னை அவர் வாழ்நாளில் ஒரு தடவையும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

அந்த இடத்தில் நான் பெட்டியை மூடியிருக்க வேண்டும். மூடிவிட்டு அவரைப் பிடித்து உட்கார வைத்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை, பயம் கோபமாக மாறி உள்ளே வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது டின்னையும் கொல்லைக்கு எடுத்துப் போய், அக்கா வீட்டுக் கோழிகளுக்குக் கொட்டினேன். கோழிகள் ஓடி வந்தன. அவை தின்னும் சத்தம், ஓட்டின் மேல் தூறல் விழுவது போலச் சின்னதாக, இடைவிடாமல். வாசற்படியில் நின்று அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. ஒளித்து வைக்கவும் இல்லை; தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. "ஆச்சு" என்றுகூடச் சொல்லவில்லை. நான் கேட்பதை நிறுத்தினேன். அவர் எதிரில் உட்கார்ந்து நான் அழுதேன், பிறகு கெஞ்சினேன், பிறகு திட்டினேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் போனில் இன்சுலினை நிறுத்தச் சொன்னாள். "ட்ரிப்ஸ் போடணும், அட்மிட் பண்ணிடலாமா?" என்றாள். நாளைக் காலை வரை பார்க்கிறேன் என்றேன். பார்க்க என்ன இருந்தது?

தம்பி சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் வந்தான். "கேமரா ஒண்ணு ஆர்டர் போடறேங்க்கா. சாப்பிடறாரா இல்லையான்னு நீ ஆபீஸ்லேருந்தே பாக்கலாம்."

"பாத்து?"

"பாத்தா தெரியும்ல."

"தெரிஞ்சு?"

"கேமராகிட்டயும் கஞ்சின்னுதான் சொல்வாரு" என்றான். இருவரும் சிரித்தோம். சிரிப்பு முடிந்ததும் அவன் திரையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அந்த ஊர் வானம் மட்டும் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலையில், எனக்கே ஏன் என்று தெரியாமல், ஒன்பது டின்களையும் தேய்த்துக் கழுவித் துடைத்து, வெயிலில் காய வைத்து, மறுபடி அந்தப் பெட்டியிலேயே அடுக்கினேன். துணிகளையும் துவைத்து மடித்து மேலே வைத்தேன். நோட்டைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டேன். அப்பா கட்டிலில் படுத்தபடி சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்த பிறகு எழுந்து போய் ஒவ்வொரு டின்னாக எடுத்துக் கையில் வைத்துக் கனம் பார்த்தார். எல்லாம் காலி. திருப்பி வைத்தார். பிறகு கூடத்துக்கு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

சோறு வைத்தேன். சாப்பிட்டார். பாதி.

அதற்குப் பிறகு நான் புத்திசாலித்தனம் எல்லாம் செய்து பார்த்தேன். பாதியை ஒளிக்கிறாரா, சரி, இரண்டு பங்கு வைப்போம், ஒன்று அவருக்கு, ஒன்று டின்னுக்கு. அதிகமாக வைத்தேன். வைத்ததைக் கூர்ந்து பார்த்துவிட்டு, பசியோடு சாப்பிட்டார். இரண்டு நாளில் சர்க்கரை முந்நூறைத் தாண்டியது. வைத்த அத்தனையும் உள்ளே போயிருந்தது, ஒரு பருக்கை ஒளியவில்லை. தட்டு நிறைய வருகிற நாள் சந்தேகமான நாள், கையோடு தின்றுவிட வேண்டும் என்று நினைத்தாரோ? மறுபடி அளவைக் குறைத்தேன், மறுபடி பாதி மாடிக்குப் போனது. எதிரில் உட்கார்ந்து முடியும் வரை பார்ப்போம் என்று ஒரு வாரம் பஸ்ஸை விட்டேன். கடைசிப் பிடியைத் தட்டில் வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். பனியில் நாலு நாள் நடந்தவரோடு பொறுமையில் போட்டி போட முடியுமா? எட்டரைக்கு, எட்டே முக்காலுக்கு, நான்தான் எழுந்தேன்.

டாக்டர் இப்போது குறைந்த அளவு எழுதியிருக்கிறாள். "பாதிதான் சாப்பிடறார்னு வச்சுக்கலாம்மா. கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்ல, இறங்காம இருந்தாப் போதும். வேற வழி தெரியல." அவள் முகத்தில் சின்னதாக வெட்கம் இருந்தது. படித்த படிப்பையெல்லாம் கடைசியில் ஒரு ஊகத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாரே இந்தக் கிழவர் என்று நினைத்தாளோ என்னவோ. பாதி என்பதும் ஊகம்தான். சில நாள் முக்கால்வாசியை டின்னுக்குக் கொடுப்பார். எந்த நாள் என்று எனக்குத் தெரியாது.

டின்கள் மறுபடி நிறைகின்றன. மூன்று கனக்கின்றன, வீடு பெருக்கும்போது பெட்டியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்ப்பேன், சத்தத்திலேயே தெரிந்துவிடும். திறப்பதில்லை. அக்கா மாடியிலிருந்து பார்த்துக்கொள்வார். வேட்டி விரித்திருக்கும் நாளில் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். விரித்தது தெரியும், தின்றது தெரியாது. மிஸ்டு கால் வந்தால் நான் அலுவலகத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் ஈரலைப் பாதியில் விட்டுவிட்டு வராந்தாவுக்குப் போய் அப்பாவைக் கூப்பிடுகிறேன்.

இன்றும் வந்தது. பத்து மணி பத்து நிமிடம். வராந்தாவிலிருந்து பார்த்தால் மதிலுக்கு அப்பால் ஒரு துண்டு வயல் தெரியும், நடவு முடிந்து பச்சை பிடிக்கத் தொடங்கிய நிலம். போன் மணி அடிக்கிறது. ஐந்து, ஆறு, ஏழு. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரைத் தொட்டு, மேசை வரை வரும் தூரத்தை நான் மணிச் சத்தத்தால் அளந்து வைத்திருக்கிறேன். பதினொன்றுக்குள் எடுத்தால் நடக்கிறார். பன்னிரண்டு என்றால் நான் படியிறங்கத் தொடங்கிவிடுவேன். எட்டு. ஒன்பது. பத்து.

எடுத்தார். மூச்சு வாங்கும் சத்தம்.

"அப்பா" என்றேன். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

"ஆச்சு" என்றார்.